வராத படத்தின் பாட்டு

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ப்புறம் ரஹீம் பாயின் கேசட் கடை இருந்தது. கடை என்று சொன்னால், அவர் ஒருவர் உட்காரலாம், இரண்டு டேப் ரிக்கார்டர் வைக்கலாம், மீதி இடமெல்லாம் கேசட். வாங்க வந்தவர்கள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். பின்னால் பஸ் வந்து ஆரன் அடித்தால் கடையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் காலை நானும் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பொரிகடையில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒருவர், நெல் மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்தவர் போலிருக்கிறது, தோளெல்லாம் உமி.

“தேன்சிட்டுப் பாதை பாட்டு வந்துட்ச்சா பாய்?” என்று கேட்டார்.

“படப்பெட்டியே இன்னும் வரலிங்க. ரோட்ல மரத்த வெட்டிப் போட்டாங்க இல்ல, எங்கியோ மாட்டிக்கினு இருக்குது. பெட்டி வந்தாத்தான் பாட்டு.”

வந்தவர் விடவில்லை. பாய்க்குப் பாட்டு எதுவென்று புரியவில்லையோ என்று சந்தேகம் வந்து பாடியே காட்டினார்.

மல எறங்கிப் போற வெயிலே – எங்க
வூட்டாண்ட கொஞ்சம் போவியா?
அம்மா கையால தண்ணி குடிச்சி – என்
சேதி சொல்லி வருவியா?

குரல் பரவாயில்லை. ஆனால் இரண்டாவது வரியில் மெட்டு மேலே ஏற வேண்டிய இடத்தில் மனிதர் கீழே இறங்கிவிட்டார். வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

“அங்க மேல ஏறணுங்க,” என்றேன். திரும்பிப் பார்த்தார். “அது படத்துப் பாட்டும் இல்லிங்க. நான் போட்ட பாட்டு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. “புடிச்சிப்போச்சின்னா எல்லாம் நம்ம பாட்டுதாம்மா,” என்று பெரிய மனதோடு சொன்னார். பெட்டி வந்ததும் தனக்கொரு கேசட் பதிந்து வைக்கும்படி பாயிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பெட்டி எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு படமே கிடையாது.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் எங்கள் நீலத்தாமரை மெல்லிசைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஊரில் நாலைந்து பேர் என்னை நிறுத்தி, “அந்த வெயிலே பாட்டு எந்தப் படம்?” என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

தணிகாசலம் சொன்னால் சரி

குழுவை நடத்தியவர் ராயப்பன் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பார். வேன் அவருடையது, கடனும் அவருடையது. டிரம்ஸுக்கு பாபு. கிட்டாருக்கு இரண்டு பேர். பாடுவது வடக்கனந்தல் கற்பகம், அதாவது நான். எனக்குக் காவலாக என் அண்ணன். அண்ணன் கூடப் போனால்தான் மேடை ஏறலாம் என்பது எங்கள் அப்பா போட்ட சட்டம். அண்ணனுக்குச் சங்கீதம் என்றால் எட்டிக்காய். மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, எப்போது முடிப்பீர்கள் என்ற முகத்தோடு நிற்பார்.

ஆனால் ஜனங்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. அவர்கள் வந்தது தணிகாசலம் அண்ணனைக் கேட்க. அவர் எங்கள் அறிவிப்பாளர். சஃபாரி சட்டை, பைக்குள் சீப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சீப்பை எடுத்துத் தலையை ஒரு தடவு தடவிக்கொண்டு, படத்தின் பேர், இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர்கள் என்று வரிசையாகச் சொல்லுவார். கையில் துண்டுக் காகிதம் இருக்காது. எந்தப் பழைய படத்தைக் கேட்டாலும் சொல்லுவார். டீக்கடையில் பந்தயம் கட்டுகிறவர்கள் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். தணிகாசலம் சொன்னால் சரி, அதற்கு மேல் பேச்சில்லை.

மெல்லிசைக் கச்சேரி என்பதே அப்படித்தான். பாட்டுக்கு ஒரு படம் வேண்டும். படம் இல்லாத பாட்டு, அப்பன் பேர் தெரியாத பிள்ளை மாதிரி.

களமருதூரில் கிடைத்த பாடம்

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மாஸ்டருக்குச் சொந்தமாகப் பாட்டுப் போடும் ஆசை உண்டு. ஏரியில் அல்லி பூத்ததைப் பற்றி ஒன்று போட்டு வைத்திருந்தார். களமருதூரில் நடவு முடிந்த பிறகு நடந்த ஒரு திருவிழாவில் அதை அரங்கேற்றினோம். தணிகாசலம் அண்ணனும் உண்மையாகவே, “அடுத்து எங்கள் குழுவின் சொந்தப் படைப்பு” என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். ஆண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பீடி பிடிக்க எழுந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கித் தோளில் போட்டார்கள். பல்லவி முடிவதற்குள் பெரியவர் ஒருவர் மேடை ஓரத்துக்கு வந்து, ரொம்ப மரியாதையாக, எங்களுக்குச் சினிமாப் பாட்டு எதுவும் தெரியாதா என்று விசாரித்தார்.

மாஸ்டர் அதன் பிறகு கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. சொந்தப் பாட்டு என்ற வார்த்தையை வேனுக்குள்கூட யாரும் எடுக்காமல் பார்த்துக்கொண்டோம்.

மேலே மாட்டிக்கொண்டோம்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊரில் கோயில் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி வேன் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பாபு தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தான். டிரம்ஸை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். கச்சேரி நன்றாக நடந்தது. மறுநாள் காலை இறங்குவதாக ஏற்பாடு.

காலையில் சேதி வந்தது. மலையடிவாரத்தில் இருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டில் மரங்கள் கிடக்கின்றன, பஸ் இல்லை, வேன் போகாது. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு வாலிபர்கள் ரோட்டில் இறங்கியிருந்த ஆண்டுகள் அவை. மறியல் நடக்கும் என்று பேச்சு இருந்தது. நாங்கள் மலைமேல் இருக்கும்போது நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டுகளில் பல ஊர்களில் உயிர் போயிருக்கிறது, குடிசை எரிந்திருக்கிறது. அதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வாய் வராது. நான் எழுதுவது நான் நின்ற ரோட்டைப் பற்றி மட்டும்.

அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. “என் வயசுப் பசங்க எல்லாம் ரோட்ல நிக்கிறாங்க. நான் உனக்குக் காவலா மலை மேல உக்காந்துக்கினு இருக்கேன்,” என்று என்னையே முறைத்தார். மரத்தை வெட்டிப் போட்டதே நான்தான் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

ஊர்க்காரர்கள் எங்களை விருந்தாளியாகவே வைத்துக்கொண்டார்கள். சாமைச் சோறு, கொள்ளு ரசம், சுட்ட பலாக்கொட்டை. சும்மா சாப்பிடக் கூச்சமாக இருந்தது. அதனால் பொழுது சாயும் நேரத்தில் பலா மரத்தடியில் உட்கார்ந்து பாடினோம். ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து கீபோர்டு ஊமையானதும், பள்ளிக்கூடத்தில் தூசி படிந்து கிடந்த ஆர்மோனியத்தை எடுத்து வந்தார்கள். அதில் ஒரு கட்டையை அமுக்கினால் அது எழுந்திருக்காது. மாஸ்டர் அதை விரலால் நிமிர்த்திவிட்டுக்கொண்டே வாசித்தார்.

எங்கள் குழுவுக்கு ஒரு கௌரவம் உண்டு. ஒரே ஊரில் ஒரே பாட்டை இரண்டு தரம் பாட மாட்டோம். ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு அது சரி. நாள் கணக்கில் தங்கினால் என்ன ஆகும் என்று கௌரவத்தை உண்டாக்கியவர்கள் யோசிக்கவில்லை. பாட்டு தீர்ந்துகொண்டே வந்தது.

ஓடையில் பிடித்த மெட்டு

ஒருநாள் பிற்பகல் ஓடையில் தாவணி துவைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழே அணைத் தண்ணீர் தெரியும். அதற்குச் சற்று வலப்பக்கம் எங்கள் வடக்கனந்தல். கையை நீட்டினால் எட்டிவிடும் போல இருந்தது, போக முடியவில்லை. அம்மாவுக்கு நான் இருக்கிறேனா இல்லையா என்றுகூடத் தெரியாது. வெயில் மட்டும் சரிவில் இறங்கி எங்கள் ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது. அழுததற்காக என் மேலேயே எரிச்சல் வந்து, துணியை ஓங்கிக் கல்லில் அடித்தேன். அந்த அடியில்தான் முதல் வரி வந்தது.

அடிக்க அடிக்க அடுத்த வரியும் வந்தது. தாவணி கிழிந்ததுதான் மிச்சம், ஆனால் பல்லவியும் இரண்டு சரணமும் ஆகிவிட்டன. திரும்பிப் பார்த்தால் குடத்தோடு மாஸ்டர்.

“எந்தப் படம் இது?” என்றார்.

படம் இல்லை, இப்போதுதான் வந்தது என்றேன். அவர் முகம் மாறியது. எனக்கு வந்த மெட்டைக் கேட்டு அவருக்குப் பொறாமை வரும் என்று நினைத்தேன். அவரோ குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தரம் பாடச் சொன்னார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, “சத்தமா சொல்லிக்கினு திரியாத. சொந்தப் பாட்டுன்னா எழுந்து பூடுவாங்க,” என்றார். களமருதூர் அவரை விடவே இல்லை.

அன்று சாயங்காலம் பாட்டு சுத்தமாகத் தீர்ந்துபோனது. ஜனங்கள் நகரவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், ஆர்மோனியத்தில் என் மெட்டைத் தொட்டார். தணிகாசலம் அண்ணன் சீப்பை எடுத்துவிட்டார், சொல்லப் படம் இல்லை. சொந்தம் என்று மட்டும் சொல்லாதே என்று மாஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். பக்கத்து வாழைப் பூவில் ஒரு தேன்சிட்டு தேன் குடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் காட்டுப் பாதை.

“அடுத்து, விரைவில் வெளிவர இருக்கும் தேன்சிட்டுப் பாதை படத்திலிருந்து...” என்றார் தணிகாசலம் அண்ணன். இசை ஒரு புதியவர், பாடியது ஒரு புதுக்குரல். கண் இமைக்காமல் சொன்னார்.

பாடி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மறுபடியும் பாடச் சொன்னாள். பாடினேன். மறுபடியும் கேட்டார்கள். எங்கள் கௌரவம் அன்றோடு போயிற்று. எனக்கோ தரையில் கால் பாவவில்லை. அதே நேரத்தில் நெஞ்சில் ஏதோ ஒன்று உறுத்தியது. அவர்கள் ரசித்தது யாரோ ஒரு புதுக்குரலை. நான் அவளைப் போலப் பாடுகிற பெண், அவ்வளவுதான்.

பெட்டி வரும் வரை

ரோட்டில் கிடந்த மரம் பஸ்ஸைத்தான் நிறுத்தியது, நடக்கிற மனிதர்களை நிறுத்தவில்லை. தேனும் கடுக்காயும் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கியவர்கள் பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். படத்தின் பேரையும்தான். தணிகாசலம் சொன்ன பேராயிற்றே.

ஒருவழியாக ரோடு திறந்து நான் வீடு வந்தபோது, அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். கேட்டால் என் பாட்டு. என்னைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும், புதுப் படம் ஒன்று வரப்போகிறதாம், அதில் ஒரு நல்ல பாட்டு, நீ கற்றுக்கொள் என்று எனக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “போடி,” என்றாள்.

கச்சிராயபாளையத்தில் சினிமாக் கொட்டகைக்காரர் விளம்பரத் தட்டியில் “விரைவில்” என்று எழுதி வைத்துவிட்டார். படம் ஏன் வரவில்லை என்று யாரும் சந்தேகப்படவில்லை. அதுதான் தெரிந்த காரணம் இருந்ததே, ரோட்டில் மரம். எங்கேயோ ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் பெட்டியோடு ஒரு வேன் நிற்பதாகவே ஊர் நம்பியது. கொஞ்ச நாளில் சேலத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் முளைத்தார்கள். ஒரு டீக்கடையில் ஒருவர் கதை சொல்ல, நானே நின்று கேட்டேன். கடைசியில் அந்தப் பாட்டைப் பாடுகிற பெண் வீடு வந்து சேராமல் செத்துவிடுகிறாளாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியதுதான் வேடிக்கை.

“பேர்ல இன்னா இருக்குது?”

ரஹீம் பாய் கடைக்கு நான் போனது இந்த நிலைமையில். உமிக்காரர் போனதும் பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தான் நம்புவதாகவும், வாங்குகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்றும் சொன்னார். இருந்தாலும் நல்ல மனிதர், சேலத்தில் தனக்குத் தெரிந்த கேசட் கம்பெனிக்காரரிடம் பேசினார்.

அங்கிருந்து பதில் வந்தது. உடனே வந்து பாடலைப் பதியுங்கள். அட்டையில் ‘தேன்சிட்டுப் பாதை’ என்று பெரிதாகப் போட்டு, பாடியவர் புதுக்குரல் என்று விட்டுவிடுவோம். அப்போதுதான் விற்கும்.

மாஸ்டருக்கு ஆயுசுக்குள் ஒரே ஒரு பதிவாவது போட்டுவிட வேண்டும் என்று ஆசை. “பேர்ல இன்னா இருக்குது கற்பகம்? பாட்டு போனா சரி,” என்றார்.

என் பேர் இல்லாவிட்டால் நான் பாட மாட்டேன் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அப்படியானால் விழுப்புரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கேட்க வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சொல்லிவிட்டார்.

தணிகாசலம் அண்ணனிடம் போனேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பிவிடும் என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் சீப்பின் பல்லை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு தப்புன்னு நானே சொல்லிட்டேன்னு வெச்சிக்க தங்கச்சி. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தப்பாயிடும்,” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருந்ததும் அந்தப் பேர் ஒன்றுதான். ஆனால் அன்று எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை வேனில் ஏற்றினால் வேன் நகர்ந்திருக்காது.

பதிவு நாளன்று நானும் வேனில் ஏறினேன். விழுப்புரத்துப் பெண் நேராகச் சேலம் வந்துவிடுவாள் என்று பேச்சு. அவள் பாடட்டும், நான் அங்கேயே நின்று அது என் பாட்டு என்று கத்துவேன் என்று முடிவு செய்திருந்தேன். கத்தினால் யார் கேட்பார்கள் என்று யோசிக்கவில்லை.

சின்னசேலம் ரோட்டில் ஒரு புளியமரம்

சின்னசேலத்துக்கு முன்னால் வேன் நின்றது. போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்த நேரம். ரோட்டுக்குக் குறுக்கே முழுப் புளியமரம் ஒன்று, இலையெல்லாம் இன்னும் பச்சையாகக் கிடந்தது. அதன் மேலும் அதைச் சுற்றியும் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் தூசி, தூக்கமில்லாத கண். ஓரமாக ஒரு கல்லடுப்பில் கஞ்சி கொதித்தது.

அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள். வேனுக்குள் எட்டிப் பார்த்து டிரம்ஸைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் கடலை பிடுங்கிய வெறுங்கொல்லை வழியாகச் சுற்றிப்போக விடுகிறோம், ஆனால் தேன்சிட்டுப் பாதை பாட்டைப் பாடிவிட்டுப் போங்கள் என்றார். என் அண்ணன் பெருமையோடு, நம்ம தங்கச்சிதான் பாடும் என்றார்.

நான் கீழே இறங்கினேன். படத்துப் பாட்டெல்லாம் பாட மாட்டேன், அது நான் போட்ட பாட்டு என்றேன். அங்கேயும் சிரித்தார்கள். மரத்தின் மேலிருந்த ஒருத்தன், நான் சேலத்துல படத்தையே பார்த்துட்டேன் என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் படத்தில் இல்லாத ஒரு சரணம் பாடுகிறேன், கேளுங்கள் என்றேன். பாடுவதற்கு என்னிடம் புதுச் சரணம் எதுவும் இல்லை. பல்லவியை எடுத்தேன், அது முடிவதற்குள் ஏதாவது வரும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. பாபு வேனுக்குள்ளிருந்து டிரம்ஸின் ஓரத்தைத் தட்டினான். நான் எதிரே கிடந்த மரத்தைப் பார்த்தேன், அவர்கள் முகத்தைப் பார்த்தேன். வந்தது.

ரோட்டு மேல புளியமரம் – அது
படுத்துக்கினு கெடக்குது
வேரறுத்துப் போட்ட பின்னும்
எலை பச்சையா இருக்குது
வழி மறிச்ச அண்ணன்மாரே – நீங்க
வூட்டுக்கு எப்ப போவிங்க?
ஒலையை வெச்சி வாசப்படியில
ஒங்க ஆத்தா நிக்கிறாங்க

சிரிப்பு நின்றது. படத்தைப் பார்த்தேன் என்றவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது, யாரும் எழுந்து போகவில்லை. என் பாட்டு எனக்கு வேண்டும் என்று சண்டைக்கு வந்தவள் நான். அந்தச் சரணத்தைப் பாடும்போது எனக்கு அந்த நினைப்பே இல்லை. பாவம், இவர்களும் என்னைப் போல வீட்டுக்குப் போக முடியாமல் இருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

துண்டு கட்டியவர் மெதுவாக வேன் பக்கம் திரும்பினார். தணிகாசலம் அண்ணனைத் தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் ஏது?

“அண்ணே, நீங்க சொல்லுங்க. இது எந்தப் படம்?”

தணிகாசலம் அண்ணன் இறங்கி வந்தார். சீப்பை எடுக்கவில்லை. மைக்கும் இல்லை.

“படம் இல்ல,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்னிக்கு நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன். எழுதினது வடக்கனந்தல் கற்பகம். மெட்டுப் போட்டது கற்பகம். பாடினதும் கற்பகம்.”

பிறகு மரத்தின் மேலிருந்து ஒரு குரல், உண்மையாகவே கவலையோடு கேட்டது.

“அப்ப நான் சேலத்துல பாத்தது இன்னா படம்?”

ஊர் அதிரச் சிரித்தார்கள். மாஸ்டர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். தணிகாசலம் அண்ணன் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அங்கேயே இரண்டு பேர் வேறு ஏதோ பழைய படத்தைப் பற்றி அவரிடம் பந்தயத்துக்கு வந்துவிட்டார்கள். வேனைத் தள்ளிக் கடலைக் கொல்லையில் இறக்கி மறுபக்கம் ஏற்றிவிட்டதும் அந்தப் பிள்ளைகள்தான்.

சேலத்தில் மாஸ்டர் கம்பெனிக்காரரிடம், படம் இல்லை என்று ரோட்டிலேயே சொல்லிவிட்டோம், இனி அட்டையில் போட்டால் தேடி வந்து உதைப்பார்கள் என்றார். கம்பெனிக்காரர் பயந்தாரோ இல்லையோ, ஒப்புக்கொண்டார். விழுப்புரத்துப் பெண் அழகாகக் கூடவே குரல் கொடுத்தாள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. புளியமரச் சரணத்தோடு மூன்று சரணமும் பதிவாயின.

யார் பாட்டு

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். எந்த பஸ் ஏறினாலும் அதுதான். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அதுதான். ரஹீம் பாய் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார், அந்தக் கடையில் எழுந்தால் தலை இடிக்கும், இருந்தாலும் எழுவார். நானும் கொஞ்ச நாள் தலை கால் புரியாமல்தான் திரிந்தேன். யாராவது ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் நிறுத்தித் திருத்துவேன். அம்மாவையே திருத்தினேன்.

ஒருநாள் மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், கரும்பு வெட்டிவிட்டு வருகிறவள். கத்தியைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்திருந்தாள். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். மடியில் குழந்தை சிணுங்கியது. அவள் தட்டிக்கொண்டே பாடினாள். என் பல்லவிதான். அது முடிந்ததும் வேறொன்று வந்தது.

கரும்பு வெட்டப் போன எடத்துல – கால
நீட்டிப் படுக்கத் தோணுது
கொழந்த மொகம் கண்ணுக்குள்ள
கூப்பிட்டுக்கினே நிக்குது

அந்தச் சரணத்தை நான் எழுதவில்லை. கேசட்டில் அது இல்லை. அப்படி இல்லம்மா என்று சொல்ல வழக்கம்போல வாயைத் திறந்தேன். அவள் இரண்டாவது வரியில், ஏற வேண்டிய இடத்தில், சரியாக மேலே ஏறினாள். குழந்தை சிணுங்கலை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

“இது இன்னா பாட்டுங்க?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது.

அவள் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தாள். “கற்பகம் பாட்டும்மா இது. உனக்குத் தெரியாதா?”

“தெரியாது,” என்றேன். “அந்தக் கரும்பு வரிய மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொல்லிக் கொடுத்தாள். ஒரு இடத்தில் நான் தப்பாகப் பாடினேன், திருத்தினாள். அவள் பஸ் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்து, நான் எடுத்துக் கொடுத்த சாக்கை வாங்கிக்கொண்டு ஏறினாள். பஸ் திரும்புகிறவரை நான் அந்த வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.